இனம், மொழி கடந்த துறைமுகச் சங்கங்கள்: ஒற்றுமை நிலைத்தது எங்கே, உடைந்தது எங்கே?

முலுண்ட் (மும்பை): மும்பையின் வடகிழக்கு எல்லையில் உள்ள முலுண்டில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் வந்து நிற்கும் மேடைகள் இங்கிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆயினும் கப்பல் சரக்குக்கும் இந்தப் புறநகருக்கும் தொடர்பு உண்டு. மத்திய அரசு நிறுவனமான கண்டெய்னர் கார்ப்பரேஷன் முலுண்டில் சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றை நிறுவியது. பெட்டகங்களில் சரக்கை அடுக்குவது, பிரித்து இறக்குவது, சுங்கச் சோதனைக்கு வைப்பது என, ஒரு காலத்தில் துறைமுக மேடையில் மட்டுமே நடைபெற்ற வேலைகள் இத்தகைய உள்நாட்டு நிலையங்களுக்கு இடம்பெயர்ந்தன.

வேலை இடம்பெயர்ந்தது. அந்த வேலையைச் சுற்றித் துறைமுகத் தொழிலாளர்கள் போராடி அமைத்த பாதுகாப்பும் உடன் வந்ததா என்பதே இன்று எழும் கேள்வி. அதற்கு விடை காண, துறைமுகச் சங்கங்களின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும், கொழும்பில் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும், சிங்கப்பூரில் சீனரும் இந்தியரும் மலாய் மக்களும், மும்பையில் பல மொழி, மத, சாதியினரும் ஒரே சங்கத்தில் இணைந்த இடம் துறைமுகம். சில இடங்களில் அந்த ஒற்றுமை பல்லாண்டுகள் நிலைத்தது. சில இடங்களில் ஒரு தலைமுறைக்குள் சிதைந்தது. இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் கூறப்பட்டாலும், அவற்றுள் ஒன்று திரும்பத் திரும்பத் தென்படுகிறது. நாள்தோறும் வேலைக்கு ஆள் எடுத்தவர் யார் என்பதே அது.

வாயிலில் நடந்த தேர்வு

கப்பல் வருகைக்கு ஒழுங்கான கால அட்டவணை இருந்ததில்லை. இன்று பத்துக் கப்பல் வரும். நாளை ஒன்றும் வராது. எனவே நிறுவனங்கள் தொழிலாளரை நிரந்தரமாக அமர்த்தவில்லை. வேலை வேண்டுவோர் விடியற்காலையில் துறைமுக வாயிலில் கூடுவர். ஆள்பிடிப்பாளர் வந்து, தமக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி எடுப்பார். எஞ்சியோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர்.

இலங்கையிலும் மலாயாவிலும் 'கங்காணி' என்ற சொல் தமிழர்க்கு நன்கு தெரியும். மும்பைத் துறைமுகத்தில் இதே பணியைச் செய்தவர் 'தோலிவாலா' எனப்பட்டார். 'தோலி' என்றால் குழு. குழுவைத் திரட்டுவதும், வேலை கொடுப்பதும், கூலியைப் பிரித்தளிப்பதும் அவர் கையில் இருந்தன. கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போகும். அவர் திரட்டும் குழு பெரும்பாலும் அவருடைய ஊர், சாதி அல்லது மொழியைச் சேர்ந்ததாக இருக்கும்.

இந்த முறை முதலாளிகளுக்கு இரு வகையில் பயன்பட்டது. முதலாவது, ஆள் தேவைப்படாத நாளில் செலவு இல்லை. இரண்டாவது, ஒரு குழு கூலி உயர்வு கேட்டால், வேறு மொழி பேசும் மற்றொரு குழுவை அந்த இடத்தில் நிறுத்தலாம். தன் வேலையைப் பறித்தவன் ஒப்பந்தக்காரன் என்று தொழிலாளி எண்ணுவதைவிட, பக்கத்துக் குடிசையில் வசிக்கும் வேற்று மொழிக்காரன் என்று எண்ணுவது எளிதாயிற்று.

நியூ ஆர்லியன்ஸ் முதல் சான்பிரான்சிஸ்கோ வரை

இந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் சந்தித்த நகரங்களுள் ஒன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். 1892-இல் அங்கு சரக்கு வண்டியோட்டிகள், எடையாளர்கள், சிப்பம் கட்டுவோர் ஆகிய மூன்று சங்கங்கள் இணைந்து வேலைநிறுத்தம் தொடங்கின. வெள்ளையர் மிகுந்த இரு சங்கங்களுடன் மட்டும் உடன்பாடு செய்துகொள்ளவும், கறுப்பினத்தவர் மிகுந்த வண்டியோட்டிகள் சங்கத்தை ஒதுக்கவும் வணிகர்கள் முன்வந்தனர். வெள்ளைத் தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் நகரெங்கும் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது.

ஆனால் அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் வேலை குறைந்தது. 1894, 1895-ஆம் ஆண்டுகளில் அதே துறைமுகக் கரையில் கறுப்பினத் தொழிலாளர்கள் மீது வெள்ளையர் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. அதிலிருந்து பாடம் கற்ற சங்கங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தன. கிடைக்கும் வேலையில் இரு இனத்தவருக்கும் சரிபாதி என்பதே அவ்விதி. 1907-இல் நடைபெற்ற துறைமுக வேலைநிறுத்தத்தில் இரு தரப்பினரும் மீண்டும் ஒன்றாக நின்றனர்.

பிலடெல்பியாவில் 1913-இல் தொடங்கிய துறைமுகச் சங்கம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கறுப்பினத் தலைவரான பென் பிளெட்சர் முன்னணியில் இருந்த அச்சங்கம், இனவாரியாகப் பிரிக்கப்பட்ட வேலைக் குழுக்களை ஒழித்து, கலப்புக் குழுக்களை அமைத்தது.

மேற்குக் கரையில் 1934 மே 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு திருப்புமுனை. ஜூலை 5 அன்று சான்பிரான்சிஸ்கோவில் காவல் துறையினர் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ், கறுப்பினத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேருமாறு அழைத்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த நடுவர் தீர்ப்பு வாயில் தேர்வு முறைக்கு முடிவு கட்டியது. சங்கமும் நிறுவனங்களும் கூட்டாக நடத்தும் வேலைப் பகிர்வு நிலையம் உருவானது. ஆளை அனுப்பும் அலுவலரைச் சங்கமே தேர்ந்தெடுத்தது. குறைந்த நேரம் வேலை செய்தவருக்கு அடுத்த வேலையில் முன்னுரிமை என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

கொழும்பு: இணைந்ததும் பிரிந்ததும்

தமிழர்க்கு மிக அண்மையில் நிகழ்ந்த சோதனை கொழும்புத் துறைமுகத்தில் நடந்தது. ஏ.ஈ. குணசிங்க 1922-இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். தஞ்சையிலிருந்து சென்ற இதழாளர் கோ. நடேசய்யர் அச்சங்கத்தில் அவருடன் இணைந்து பணியாற்றினார். 1923-இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. 1927 பிப்ரவரியில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்களவரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே அணியில் நின்ற போராட்டம் அது.

1920-களின் இறுதியில் நடேசய்யர் குணசிங்கவிடமிருந்து பிரிந்து, மலையகத் தோட்டத் தொழிலாளர் பக்கம் கவனத்தைத் திருப்பினார். 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் தொடங்கினார். அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தம் இலங்கையைத் தாக்கியது. வேலை சுருங்கியது. இந்தியத் தொழிலாளரையும் உள்ளடக்கிய சங்கத்தை நடத்திய குணசிங்க, 1930-களில் மலையாளிகளுக்கு எதிரான பரப்புரையில் இறங்கினார்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சங்கம் கூலியை உயர்த்தியது, வேலைநிறுத்தங்களை நடத்தியது, ஆனால் ஆள் எடுக்கும் அதிகாரம் ஒப்பந்தக்காரரிடமும் கங்காணியிடமுமே இருந்தது. வேலை குறைந்த நாளில் யார் உள்ளே, யார் வெளியே என்ற முடிவுக்குப் பொது விதி எதுவும் இல்லை. 1939-இல் இலங்கை அரசே தன் துறைகளில் இருந்த இந்திய நாள்கூலித் தொழிலாளரை விலக்க முற்பட்டது. இந்தியா பதிலுக்குத் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது.

சிங்கப்பூர்: வெளியிலிருந்து விழுந்த அடி

சிங்கப்பூரில் ஒற்றுமை வேறு வகையில் முடிவுற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வாரங்களில், 1945 அக்டோபர் 21 அன்று, தஞ்சோங் பாகார் துறைமுகத்தில் சுமார் 7,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. இந்தோனேசிய விடுதலைப் போரை ஒடுக்க டச்சுப் படைக்கு ஆயுதம் கொண்டுசெல்லும் கப்பல்களில் வேலை செய்யமாட்டோம் என்பது மற்றொன்று. அதே மாதங்களில் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் ஆஸ்திரேலியத் தொழிலாளரும் இந்தோனேசிய, இந்திய, சீன மாலுமிகளும் டச்சுக் கப்பல்களைப் புறக்கணித்தனர்.

மலாயாவில் பல இனத் தொழிலாளரையும் இணைத்த அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக 1947-இல் இருந்தவர், தமிழரான எஸ்.ஏ. கணபதி. கம்யூனிஸ்ட் இயக்கத்துடன் தொடர்புடைய அந்தச் சம்மேளனத்தை 1948 ஜூனில் அரசு முடக்கியது. ஒத்த தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாக இணையலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக, இந்திய அரசின் வேண்டுகோளையும் மீறி, 1949 மே 4 அன்று கணபதி தூக்கிலிடப்பட்டார். கொழும்பில் உள்ளிருந்து விழுந்த விரிசல், இங்கு அரசின் கையால் விழுந்தது.

பதிவேடு இல்லாத துறைமுகம்

மும்பைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் 1873-இல் அமைந்தது. 1875-இல் சாசூன் துறை, 1880-இல் பிரின்ஸ் துறை, பின்னர் விக்டோரியா துறை, 1914-இல் அலெக்சாண்டிரா துறை என மேடைகள் பெருகின. பருத்தி மூட்டையையும் தானியச் சாக்கையும் சுமக்கக் கொங்கணம், தக்காணம், வட இந்தியா, தென்னிந்தியா எனப் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தோரைப் போலவே, துறைமுகச் சுமையை நம்பி வந்த தமிழரும் உண்டு.

அத்துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு இருந்த மதிப்பை 1944 ஏப்ரல் 14 வெளிப்படுத்தியது. விக்டோரியா துறையில் நின்ற 'போர்ட் ஸ்டைகின்' என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும் பருத்தி மூட்டைகளும் இருந்தன. தீப்பிடித்த கப்பல் மாலையில் இருமுறை வெடித்துச் சிதறியது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் நாடு முழுவதும் தீயணைப்பு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. மொத்தமாக இறந்தோர் எண்ணிக்கை 800 என்றும் 1,300 வரை என்றும் பலவாறாகக் கூறப்படுகிறது. நாள்கூலிக்கு வந்தவர்களுக்கு முறையான பதிவேடே இல்லாத இடத்தில், எத்தனை பேர் உள்ளே இருந்தனர் என்று கணக்கிடுவது எளிதன்று.

1948: முறைவரிசை வந்தது

துறைமுகத் தொழிலாளருக்குப் பதிவேடு வேண்டும் என்று 1931-இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம் ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரே அது சட்டமாயிற்று. ஜகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்த 1948-இல், துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி மும்பைக்கான திட்டம் 1951-இல் வந்தது. அரசு, நிறுவனங்கள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த துறைமுகத் தொழிலாளர் வாரியம் ஏற்பட்டது.

வாரியத்தின் செயல்முறை எளியது. தொழிலாளரின் பெயர் பதிவேட்டில் ஏறும். கப்பல் வந்தால், பதிவேட்டு வரிசைப்படி அடுத்த குழு அனுப்பப்படும். கப்பல் வராத காலத்திலும் மாதத்தில் குறிப்பிட்ட நாள்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உறுதி. கூலியை வாரியமே வழங்கும். தோலிவாலாவின் இடத்தை ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டது.

இந்த மாற்றத்தை நடைமுறையில் வென்றெடுத்த சங்கத் தலைவர்களுள் முதன்மையானவர் பிளாசிட் டிமெல்லோ. மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவரான அவரைத் தலைவராக ஏற்ற தொழிலாளருள் மராத்தியரும் வட இந்தியரும் தென்னிந்தியரும், இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். பின்னாளில் மத்திய அமைச்சரான ஜார்ஜ் பெர்னாண்டஸ் இளைஞராக மும்பை வந்து தொழிற்சங்கப் பணி பயின்றது அவரிடமே. 1958-இல் டிமெல்லோ மறைந்தார். துறைமுகத்தை ஒட்டிச் செல்லும் முன்னாள் பிரியர் சாலை இன்று பி. டிமெல்லோ சாலை எனப்படுகிறது.

மும்பையில் 1966-இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர்க்கு எதிரான பரப்புரை தீவிரமடைந்தபோது, நகரத்துத் தமிழர் பலர் அச்சத்துடன் வாழ்ந்தனர். துறைமுகமும் அந்நகரின் ஒரு பகுதியே. ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்த தொழிலாளியின் முறையை, அவர் பேசும் மொழியைக் காட்டி மற்றொருவருக்கு மாற்ற விதியில் இடம் இருக்கவில்லை. கொழும்புக்கும் மும்பைக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு இதுவே.

சென்னையின் பங்கு

கொழும்பின் படிப்பினையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் எஸ்.சி.சி. அந்தோணி பிள்ளை. யாழ்ப்பாணத் தமிழரான அவர், லங்கா சமசமாஜக் கட்சியில் பணியாற்றியவர். அவருடைய மனைவி கரோலின், இடதுசாரித் தலைவர் பிலிப் குணவர்தனவின் சகோதரி, சிங்களவர். போர்க்காலத்தில் இந்தியா வந்த அந்தோணி பிள்ளை, 1946-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார்.

அச்சங்கத்துக்கு ஆறாத வடு ஒன்று இருந்தது. 1918-இல் தொடங்கப்பட்ட அது, 1921-இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது சாதி வழியே உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பணிக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. அவர்களுள் பலர் ஏற்கெனவே ஆலைக்குள்ளும் சேரியிலும் ஒதுக்கப்பட்டிருந்தனர் என்பதை அன்றைய சங்கத் தலைமை போதிய அளவு பொருட்படுத்தவில்லை. ஒற்றுமை என்ற பெயரில் சமமின்மையை மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு அது சான்றாயிற்று.

அந்தோணி பிள்ளை ஆலைத் தொழிலாளருடன் துறைமுகத் தொழிலாளரையும் வழிநடத்தினார். 1957-இல் வடசென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். மும்பை, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களின் சங்கங்கள் அகில இந்தியக் கூட்டமைப்பாக இணைந்து, 1958 ஜூனில் பெரிய துறைமுகங்களில் வேலைநிறுத்தம் நடத்தின.

பதிவேடே வேலியானபோது

பதிவேட்டு முறை குறையற்றது அன்று. பட்டியலில் இருப்போருக்குப் பாதுகாப்பு அளிக்கும் அதே முறை, பட்டியலுக்கு வெளியே இருப்போருக்குக் கதவை அடைக்கவும் கூடும். அமெரிக்க மேற்குக் கரையில் சான்பிரான்சிஸ்கோ கிளை கறுப்பினத்தவரை வரவேற்றது. ஆனால் அதே சங்கத்தின் போர்ட்லாந்து கிளை 1964 வரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தியத் துறைமுகங்களிலும், பதிவு பெற்றோருக்குக் கீழே உரிமை குறைந்த தற்காலிகத் தொழிலாளர் அடுக்கு ஒன்று தொடர்ந்தது. ஆள் எடுக்கும் அதிகாரம் சங்கத்தின் கைக்கு வருவது மட்டும் போதாது. பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதிலும் நேர்மை வேண்டும் என்பதே இதன் பொருள்.

பெட்டகம் மாற்றிய கணக்கு

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 58 பெட்டகங்களுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. அது தொடங்கிய மாற்றம் 1973-இல் கொச்சி வழியாக இந்தியாவை எட்டியது. மும்பைக்கு எதிர்க்கரையில் 1989-இல் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டது. பெரிய குழுக்கள் பல நாள்கள் செய்த வேலையைப் பாரந்தூக்கிகள் சில மணி நேரத்தில் முடித்தன. துறைமுகத் தொழிலாளர் வாரியங்களைப் பொறுப்புக் கழகங்களுடன் இணைக்க வழிசெய்யும் சட்டம் 1997-இல் வந்தது. பிரிட்டன் தனது இதே போன்ற திட்டத்தை 1989-இலேயே கைவிட்டிருந்தது.

சுமை முற்றிலும் மறைந்துவிடவில்லை. பெட்டகத்தை நிரப்பவும் பிரிக்கவும் இன்றும் கைகள் தேவை. அவ்வேலை முலுண்ட் போன்ற இடங்களுக்கும் புறநகர்க் கிடங்குகளுக்கும் நகர்ந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ, துறைமுகத்திலும் அதன் அண்மையிலும் வேலை செய்வோரையே துறைமுகத் தொழிலாளர் என வரையறுத்தது. முப்பது கிலோமீட்டர் தள்ளி அதே மூட்டையைத் தூக்குபவர் அந்த வரையறைக்குள் எளிதில் வருவதில்லை.

இந்த இடைவெளியை மகாராஷ்டிரம் ஓரளவு முன்கூட்டியே உணர்ந்தது. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் சுமைத் தொழிலாளர் நடத்திய போராட்டங்களின் பயனாக, 1969-இல் மாதாடி தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. தலைச்சுமையாளர் எனப் பொருள்படும் 'மாதாடி'களுக்குப் பதிவும், வாரியம் வழியே கூலியும், நலநிதியும் அச்சட்டம் வழங்கியது. துறைமுக வாரியத்தின் கொள்கை நிலத்துக்கு வந்த சட்டம் எனலாம். கேரளம் 1978-இலும் தமிழ்நாடு 1982-இலும் உடலுழைப்புத் தொழிலாளருக்கான சட்டங்களை இயற்றின.

இன்றைய நிலை

நாட்டின் பெரிய துறைமுகங்களில் 2024 ஆகஸ்ட் 28 முதல் நடைபெறவிருந்த வேலைநிறுத்தம், முந்தைய நாள் எட்டப்பட்ட உடன்பாட்டால் கைவிடப்பட்டது. 2022 ஜனவரி முதல் 2026 டிசம்பர் வரையிலான காலத்துக்கு 8.5 சதவீத ஊதிய உயர்வு ஏற்கப்பட்டது. பேச்சுவார்த்தையில் பல்வேறு அரசியல் சார்புடைய சங்கங்கள் ஒன்றாக அமர்ந்தன. அந்த அளவில் பழைய மரபு தொடர்கிறது.

ஆனால் அந்த உடன்பாடு துறைமுக ஊழியர்களுக்கானது. ஒப்பந்தக்காரர் வழியே கிடங்குகளில் சரக்கை ஏற்றி இறக்குவோருக்கு அந்த மேசையில் இருக்கை இல்லை. அவர்களைத் திரட்டி வருபவர் பெரும்பாலும் அவரவர் ஊரைச் சேர்ந்த ஒருவரே. நாளைக்கு யாருக்கு வேலை என்பதை முடிவு செய்பவரும் அவரே. தோலிவாலா என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. அவர் செய்த பணி ஒழியவில்லை.

வேலை குறையும் காலத்தில் 'வெளி மாநிலத்தவர்' என்ற குரல் எழுவது தமிழ்நாட்டுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் புதிதன்று. ஒரு காலத்தில் அக்குரல் மும்பைத் தமிழருக்கு எதிராக ஒலித்தது. இன்று பல நகரங்களில் வட மாநிலத் தொழிலாளருக்கு எதிராக ஒலிக்கிறது. நியூ ஆர்லியன்ஸ், கொழும்பு, மும்பை ஆகிய மூன்று துறைமுகங்களின் வரலாறும் ஒன்றையே காட்டுகிறது. தொழிலாளரிடம் ஒற்றுமையை வேண்டுவதற்கு முன், வேலையைப் பகிர்ந்தளிக்க எல்லோரும் நம்பத்தக்க ஒரு பட்டியல் தேவைப்படுகிறது. முலுண்டு வரை வந்துவிட்ட கப்பல் சரக்கைத் தொடர்ந்து, அந்தப் பட்டியலும் எப்போது வரும் என்பதே பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வியாகும்.